பாக்குவெட்டியும் ஆய்வுச் சஞ்சிகையும்

  

கொஞ்சம் நீளமான பதிவு. இரவுச் சாப்பாடு முடிந்து ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள். வீட்டில் வெற்றிலைத் தட்டு வைத்திருப்பவர்கள் கட்டாயம் வாசியுங்கள்.

போன மாதம் ஒரு வலீமாவுக்குப் போயிருந்தோம். சஹன் சாப்பாடு முடிந்து கை கழுவிவிட்டு வந்தால் வாசலில் வெற்றிலை வட்டா. அதற்குப் பக்கத்தில், இந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுத இருக்கும் எங்கள் மாணவர் ஒருவர் ஒரு சின்னப் பைக்கற்றைக் கிழித்து வாயில் கொட்டிக்கொண்டு நின்றார். எங்களைக் கண்டதும் கையைப் பின்னால் மறைத்தார். பிறகு அவராகவே சொன்னார்: "சேர், இதுல பொயில இல்ல சேர். பாக்கு மட்டும்தான்."

சிரித்துவிட்டு வந்துவிட்டோம். ஆனால் அன்று இரவு தூக்கம் வரவில்லை. ஏனென்றால் இதே வசனத்தை எங்கள் வீட்டில் நாங்கள் முன்பும் கேட்டிருக்கிறோம்.

எண்பதுகளின் இறுதி. எங்கள் மூத்தும்மாவின் இடது கன்னத்துக்குள் ஒரு புண். மடியில் பாக்குவெட்டியும் சுண்ணாம்புக் கிளாசியும் இல்லாமல் அவரை நாங்கள் பார்த்ததே இல்லை. புண் வந்தபோது வீட்டில் எல்லோரும் சூடு என்றார்கள். பிறகு பல்லு குத்துகிறது என்றார்கள். எவரோ ஒருவர் வெற்றிலையை விடச் சொன்னபோது, எங்கள் பெரிய வாப்பா சொன்ன பதில் இன்றும் காதில் இருக்கிறது: "பொயில போடாத வாய்க்கு என்ன வரப்போகுது?" வைத்தியசாலைக்குப் போனபோது கன்னம் வெளியே வீங்கிவிட்டது. அடுத்த நோன்பைக் காண அவர் இருக்கவில்லை. அல்லாஹ் அவருக்கு ஜன்னத்தைக் கொடுப்பானாக.

அந்த மாணவர் சொன்ன வசனமும் பெரிய வாப்பா சொன்ன வசனமும் ஒன்றுதான். புகையிலை இல்லாவிட்டால் பயமில்லை என்பது. அது சரியா பிழையா என்று உலகம் கண்டுபிடித்ததற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதில் நம்முடைய ஊர்களுக்கும் பங்கு உண்டு. பள்ளிக்கூட வரலாற்றுப் புத்தகத்தில் அது வராததால் இங்கே எழுதுகிறோம்.

வெற்றிலையின் மரியாதை பழையது. 1344-ல் நம் தீவுக்கு வந்த இப்னு பதூதா, தன் பயண நூலில் வெற்றிலையையும் பாக்கையும் சுண்ணாம்பையும் பற்றி விபரமாக எழுதியிருக்கிறார். விருந்தாளிக்கு வெற்றிலை கொடுப்பது எவ்வளவு பெரிய கண்ணியமாகக் கருதப்பட்டது என்று சொல்கிறார். தமிழர் வீட்டுத் தாம்பூலம், சிங்களவர் வீட்டு வெற்றிலைக் கட்டு, நம் வீட்டு வட்டா எல்லாம் அந்த ஒரே மரியாதையின் பிள்ளைகள். இப்படி மரியாதையாக இருக்கும் ஒரு பொருளைச் சந்தேகப்பட யாருக்கும் மனம் வராது. சந்தேகப்படுவதற்கென்றே ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தின் பெயர்தான் ஆய்வுச் சஞ்சிகை.

ஆய்வுச் சஞ்சிகை என்றால் என்ன? ஒரு வைத்தியர் ஒன்றைக் கண்டால், எத்தனை பேரிடம் கண்டார், எப்படிச் சோதித்தார் என்று எழுதி அனுப்புகிறார். அந்தத் துறை தெரிந்தவர்கள் அதைப் பார்த்துக் குறை சொல்வார்கள். தாங்கினால் அச்சில் வரும். வந்த பிறகும் வேறு நாட்டில் வேறொருவர் செய்து பார்த்து, சரி என்றோ பிழை என்றோ எழுதுவார். சாட்சிகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரிக்கும் நீதிமன்றம் மாதிரி. தீர்ப்பு வர வருடங்கள் ஆகும்.

புற்றுநோய்க்கென்றே தொடங்கப்பட்ட மூத்த சஞ்சிகைகளில் ஒன்று ஜப்பானில் பிறந்தது. 1907-ல் கட்சுசபுரோ யமகிவா என்ற பேராசிரியர் தொடங்கினார். பெயர் 'கான்'. ஜப்பானிய மொழியில் புற்றுநோய் என்பதுதான் அதன் பொருள். இன்றும் அந்தச் சஞ்சிகை வேறு பெயரில் வந்துகொண்டிருக்கிறது.

யமகிவாவுக்கு ஒரு பழைய கேள்வி இருந்தது. 1775-ல் லண்டனில் பெர்சிவல் பொட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், சிறுவயதில் புகைபோக்கிகளுக்குள் இறங்கிச் சுத்தம் செய்தவர்களுக்குப் பிற்காலத்தில் விதைப்பையின் தோலில் புற்றுநோய் வருவதைக் கண்டு, புகைக்கரிதான் காரணம் என்று எழுதியிருந்தார். அவர் சொன்னது மனிதர்களைக் கவனித்துப் பார்த்து. பரிசோதனையில் காட்ட யாராலும் முடியவில்லை. யமகிவாவும் அவருடைய உதவியாளர் கொய்ச்சி இச்சிகவாவும் முயல்களின் காதில் நிலக்கரித் தாரைத் திரும்பத் திரும்பப் பூசினார்கள். ஒரு கிழமை, ஒரு மாதம் அல்ல. மாதக் கணக்கில் விடாமல் பூசினார்கள். 1915-ல் காதில் புற்றுநோய் வந்துவிட்டது என்று அறிவித்தார்கள். ஒரு பொருளைப் பூசி, வேண்டுமென்றே புற்றுநோயை உண்டாக்கிக் காட்டிய முதல் பரிசோதனை அது. பொட் எழுதியதில் இருந்து 140 வருடங்கள்.

ஆனால் நோபல் பரிசு யமகிவாவுக்குக் கிடைக்கவில்லை. எலியின் வயிற்றில் ஒரு புழு புற்றுநோயை உண்டாக்குகிறது என்று சொன்ன டென்மார்க்கின் ஜொஹானஸ் பிபிகருக்கு 1926-ம் ஆண்டுக்கான பரிசு போனது. பிறகு மற்றவர்கள் செய்து பார்த்து எழுதியபோது புழுக் கதை நிற்கவில்லை. தார்க் கதை நின்றது. பரிசுக் குழுவும் பிழை விடும். திரும்பத் திரும்பச் சோதிக்கும்போதுதான் பிழை வெளியே வரும்.

இப்போது நம் பக்கத்துக்கு வருவோம்.

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் நெய்யூர் என்று ஓர் ஊர். அன்று அது திருவிதாங்கூர் சமஸ்தானம். அங்கே இருந்த மிஷன் வைத்தியசாலையில் வேலை செய்த ஓர் என்ற வைத்தியரிடம் கன்னத்தில் புற்றோடு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். 1933-ல் லண்டனின் 'லான்செட்' சஞ்சிகையில், திருவிதாங்கூரில் வெற்றிலை பாக்குச் சப்புவோருக்கு வரும் வாய்ப்புற்றுநோய் பற்றி அவர் எழுதினார். நம் வீட்டு வட்டா உலகின் பெரிய மருத்துவச் சஞ்சிகை ஒன்றில் சாட்சிக் கூண்டில் ஏறியது அப்போது.

1941-ல் அமெரிக்காவில் 'கேன்சர் ரிசர்ச்' என்ற சஞ்சிகை தொடங்கியது. 1916-ல் இருந்து வேறு பெயர்களில் வந்த சஞ்சிகைகளின் வாரிசு அது. 1944-ல், பம்பாய் டாட்டா நினைவு வைத்தியசாலையின் வி. ஆர். கானோல்கர், 1,000 வாய்ப்புற்றுநோயாளிகளைப் பற்றிய ஆய்வை அதில் எழுதினார். மேற்கில் அரிதாக இருந்த ஒரு நோய் நம் பகுதியில் இவ்வளவு பேருக்கு ஏன் வருகிறது என்று உலகம் திரும்பிப் பார்த்தது.

1949-ல் நம் தீவு. இலங்கையில் பல் வைத்தியக் கல்வியின் முன்னோடிகளில் ஒருவரான டபிள்யூ. பாலேந்திரா, பிரித்தானியப் பல் வைத்தியச் சஞ்சிகையில் ஒரு கட்டுரை எழுதினார். வெற்றிலை சப்புவதால் பல்லிலும் வாய்த் தசைகளிலும் வரும் விளைவுகள், அதற்கும் கன்னப் புற்றுநோய்க்கும் இருக்கக்கூடிய தொடர்பு என்பதுதான் விடயம். 'இருக்கக்கூடிய' என்ற சொல்லைக் கவனியுங்கள். நேர்மையான ஆய்வாளர் சாட்சி போதாதபோது 'இருக்கிறது' என்று சொல்லமாட்டார்.

எங்கள் மூத்தும்மாவுக்குப் புண் வரும்போது அந்தக் கட்டுரைக்கு ஏறத்தாழ நாற்பது வயது.

சென்னையிலும் ஒரு கதை. டொக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923-ல் புற்றுநோயால் இறந்தார். அந்தத் துயரத்தை அவர் மறக்கவில்லை. பல வருடம் அலைந்து 1954-ல் அடையாறில் புற்றுநோய் நிலையத்தைத் திறந்தார். அங்கே வேலை செய்த அவருடைய மகன் எஸ். கிருஷ்ணமூர்த்தியும் டொக்டர் வி. சாந்தாவும், வாய்ப்புற்றுநோயின் காரணிகள் பற்றி 1959-ல் பிரித்தானியப் புற்றுநோய்ச் சஞ்சிகையில் எழுதினார்கள். தமிழ் பேசும் நோயாளிகளின் வாய்களைப் பார்த்து, தமிழ் பேசும் வைத்தியர்கள் எழுதிய கட்டுரை. அச்சில் வந்தது ஆங்கிலத்தில்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. உலகத்தோடு பேச ஒரு மொழி வேண்டும். ஆனால் உலகத்துக்குச் சொன்னதை வீட்டுக்கும் சொல்ல வேண்டுமல்லவா? நம் மொழியால் முடியாது என்று யாரும் சொல்லக்கூடாது. யாழ்ப்பாணம் மானிப்பாயில் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க வைத்தியர் தமிழிலேயே மாணவர்களுக்கு மேலைத்தேய வைத்தியம் படிப்பித்தார். 'இரண வைத்தியம்' என்ற சத்திரசிகிச்சை நூல் தமிழில் வந்தது 1867-ல். 'மனுஷ அங்காதிபாதம்' 1872-ல். சத்திரசிகிச்சையைத் தமிழில் படித்த சமூகத்துக்கு, நூறு வருடம் கழித்து, சொந்தக் கன்னத்துக்குள் நடப்பது தமிழில் வந்து சேரவில்லை.

சரி, கன்னத்துக்குள் என்னதான் நடக்கிறது?

1941-ல் 'கேன்சர் ரிசர்ச்' சஞ்சிகையின் முதலாவது ஆண்டிலேயே ஐசக் பெரன்புளும் என்பவர் ஒரு முக்கியமான கட்டுரை எழுதினார். எலியின் தோலில் தாரில் இருக்கும் நச்சுப் பொருளைக் கொஞ்சம் பூசினால் கட்டி வருவது குறைவு. நேர்வாள எண்ணெயை மட்டும் பூசினாலும் அப்படித்தான். ஆம், நம் நாட்டு வைத்தியர்கள் பேதிக்குக் கொடுக்கும் அதே நேர்வாளம். இரண்டும் சேர்ந்தால் கட்டிகள் கிளம்பின. அந்த நாட்களில் நடந்த இத்தகைய பரிசோதனைகள் ஒன்றைக் காட்டின: கட்டி ஒரே அடியில் உருவாவதில்லை. ஒன்று கலத்தில் காயத்தை உண்டாக்கிவிட்டு அமைதியாக இருக்கும். இன்னொன்று அந்தக் கலத்தை வருடக்கணக்கில் தூண்டிக்கொண்டே இருக்கும். "இருபது வருஷமாப் போடுறேன், ஒண்டும் ஆகல்ல" என்று சொல்பவர்களுக்கு இதுதான் பதில். ஒன்றும் ஆகாத வருடங்களும் கணக்கில் சேருகின்றன.

வெற்றிலை போடும் வாயிலும் இப்படிப் பல வேலைகள் நடக்கின்றன. பாக்கில் அரிகோலின் என்ற பொருள் இருக்கிறது. அது கன்னத்தின் உட்சவ்வுக்குக் கீழே நார்களைப் பெருகச் செய்கிறது. சுண்ணாம்பு உமிழ்நீரின் காரத்தன்மையைக் கூட்டுகிறது. அந்தக் காரத்தில் பாக்கின் பொருட்கள் கலங்களின் மரபணுவைக் காயப்படுத்தும் மூலக்கூறுகளை வெளியிடுகின்றன. பாக்கில் இருந்தே புற்றை உண்டாக்கக்கூடிய வேறு பொருட்களும் உமிழ்நீரில் உருவாகின்றன. நார் பெருகினால் கன்னம் பலகை மாதிரி இறுகும். வாய் திறக்காது. 1952-ல் கென்யாவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களிடம் ஷ்வார்ட்ஸ் என்பவர் இந்த நிலையை விபரித்தார். அடுத்த வருடம் பம்பாயில் ஜோஷி என்பவர் இதே நோயைப் பற்றி எழுதினார். இந்த இறுக்கம் வந்தவர்களில் ஒரு பகுதியினருக்குப் பிறகு புற்றுநோய் வருகிறது.

இனி அந்த மாணவரின் வசனத்துக்கு வருகிறோம்.

பிரான்சின் லியோன் நகரில் 1965-ல் தொடங்கிய சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் இருக்கிறது. உலகச் சஞ்சிகைகளில் வந்த சாட்சிகளையெல்லாம் ஒன்றாக வைத்து, எது புற்றுநோயை உண்டாக்கும் என்று தீர்ப்புச் சொல்வது அவர்களுடைய வேலை. 1985-ல் வெளியான அவர்களுடைய 37-வது தொகுதி, புகையிலை சேர்ந்த வெற்றிலை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உறுதியாகச் சொன்னது. புகையிலை இல்லாத வெற்றிலைக்கு? சாட்சி போதாது என்றது.

ஆக எங்கள் பெரிய வாப்பா சொன்னதை அந்த நேரத்தில் உலக நிபுணர்களாலும் அடித்து மறுக்க முடியாது. இதை அறிந்தபோது அவர்மேல் இருந்த எங்கள் கோபம் போய்விட்டது. அவர் பொய் சொல்லவில்லை. விசாரணை முடியாத வழக்கில் தீர்ப்புச் சொல்லிவிட்டார், அவ்வளவுதான்.

விசாரணை தொடர்ந்தது. தாய்வானில் பாக்குப் போடுகிறவர்கள் அதோடு புகையிலை சேர்ப்பதில்லை. பப்புவா நியூகினியாவிலும் அப்படித்தான். அங்கேயும் வாய்ப்புற்றுநோய் வந்தது. பப்புவா நியூகினியாவில் சுண்ணாம்பு வைக்கும் இடத்திலேயே புற்று வருவதை 1992-ல் 'லான்செட்'டில் எழுதினார்கள். சிகரெட் குடிக்காதவர்களை வேறாகப் பிரித்தும் பார்த்தார்கள். 2003-ல் லியோனில் நிபுணர்கள் மீண்டும் கூடினார்கள். 2004-ல் 85-வது தொகுதி வந்தது. தீர்ப்பு இது: புகையிலை சேர்ந்தாலும் சேராவிட்டாலும் வெற்றிலைச் சுருள் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும். பாக்கு தனியாகவே உண்டாக்கும். முதலாம் வகுப்பு. சிகரெட்டும் அதே வகுப்பில்தான் இருக்கிறது.

பெரிய வாப்பாவுக்கு அந்த வசனத்தைச் சொல்ல மன்னிப்பு இருந்தது. 2004-க்குப் பிறகு பிறந்த எங்கள் மாணவருக்கு இல்லை. அவருக்குச் சொல்லிக் கொடுக்காத எங்களுக்கும் இல்லை.

2016-ல் நம் நாட்டில் வாயில் போடும் புகையிலைப் பொருட்களின் விற்பனை தடைசெய்யப்பட்டது. நல்ல விடயம். ஆனால் நம் ஆட்கள் அதை எப்படி விளங்கிக்கொண்டார்கள்? புகையிலைதான் கெட்டது, பாக்கு நல்லது என்று. சட்டம் புகையிலையைக் குறிவைத்தது. நம் மனம் பாக்குக்கு விடுதலைப் பத்திரம் எழுதிவிட்டது. இன்றும் இலங்கை ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய்தான்.

இந்த வரலாற்றில் நாம் பெருமைப்படக்கூடிய ஒரு பக்கமும் இருக்கிறது. அதில் ஒரு பாடமும் இருக்கிறது. 1984-ல் உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில், சமன் வர்ணகுலசூரியவும் அவருடைய சகாக்களும் இலங்கையில் செய்த ஒரு வேலையைப் பற்றி எழுதினார்கள். 34 ஆரம்ப சுகாதார ஊழியர்களுக்கு, வாயைத் திறந்து பார்த்து ஆபத்தான அடையாளங்களைக் கண்டுபிடிக்கப் பழக்கினார்கள். அவர்கள் ஒரு வருடத்தில் 28,000-க்கும் மேற்பட்டவர்களின் வாய்களைப் பார்த்தார்கள். பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. இரண்டு கண்ணும் கொஞ்சம் வெளிச்சமும் போதும் என்று உலகத்துக்குக் காட்டியது நம் தீவு.

பாடம் என்னவென்றால், சந்தேகமான அடையாளம் இருக்கிறது, மேற்கொண்டு காட்டுங்கள் என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் பாதியை விடக் கொஞ்சம் கூடுதலானவர்களே போனார்கள். மற்றவர்கள் போகவில்லை. வாசல் வரை வந்த அறிவை நாம்தான் உள்ளே எடுக்கவில்லை.

நெய்யூரில் எழுதினார்கள். பம்பாயில் எழுதினார்கள். கொழும்பில், சென்னையில் எழுதினார்கள். லியோனில் தீர்ப்பும் வந்தது. இனிச் சஞ்சிகைகள் செய்ய வேண்டிய வேலை இதில் அதிகம் இல்லை. மிச்சத் தூரம் காலி வீதியில் இருந்து நம் வீட்டுக் குசினி வரைதான். அதை நாம்தான் நடக்க வேண்டும்.

ஆகவே உறவுகளே, இன்று இரவு பல் துலக்கும்போது கண்ணாடிக்கு முன்னால் இரண்டு நிமிடம் நில்லுங்கள். கன்னத்தின் உள்பக்கம் இரண்டும், நாக்கின் இரு ஓரங்களும், நாக்குக்குக் கீழும், ஈறும் பாருங்கள். துடைத்தால் போகாத வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண், தடிப்பு, காரம் பட்டால் தாங்க முடியாத எரிவு இருந்தால் பல் வைத்தியரிடம் போங்கள். மூன்று விரல்களை ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்து வாய்க்குள் விட முடியாவிட்டாலும் போங்கள். நம் அரச வைத்தியசாலைகளில் இதற்குக் காசு இல்லை. புற்றுநோய் என்றே வந்தாலும், ஆரம்பத்தில் கண்டால் குணப்படுத்த வாய்ப்பு மிக அதிகம். வீட்டில் வெற்றிலை போடும் வயதானவர்கள் இருந்தால் அவர்களை ஏசாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். எங்கள் மூத்தும்மாவின் வாயை அப்படி ஒருவரும் பார்க்கவில்லை.

கலியாண வீடு வைப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். வட்டாவை நீக்கச் சொல்லவில்லை. அதில் பாக்குக்குப் பதிலாகப் பேரீச்சம்பழம் வையுங்கள், கற்கண்டு வையுங்கள், ஏலக்காய் வையுங்கள். மரியாதை தட்டில் இருக்கிறது, பாக்கில் இல்லை.

அந்த மாணவரைத் திங்கட்கிழமை பாடசாலையில் கூப்பிட்டோம். ஏசவில்லை. மேலே எழுதியதைத்தான் சுருக்கமாகச் சொன்னோம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சேர், 2004-லேயே தெரிஞ்சா ஏன் சேர் எங்களுக்கு யாரும் சொல்லல்ல?" என்று கேட்டார்.

பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு. உங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவிலும், பள்ளிவாசல், கோயில், தேவாலயக் குழுக்களிலும் போடுங்கள். வாசிக்க முடியாத பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

எங்கள் மூத்தும்மாவுக்கும் ஒரு துஆ.